அறுபத்து நான்கு பேரும் திருப்தி

ஜூன் 2, திங்கள்

பொதுமக்களிடம் எப்படிப் பேசுவது என்று நகராட்சி ஊழியர்களுக்கு இரண்டு வாரம் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள். இருபத்தாறு வருடமாக நான் பொதுமக்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். "நாளைக்கு வாங்க" என்ற இரண்டு சொல்லில் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். இதற்கு எதற்குப் பன்னிரண்டு நாள் என்று தெரியவில்லை.

செவல்பேட்டை நகராட்சியின் எல்லாப் பிரிவிலிருந்தும் ஆட்களைப் பிடித்து வந்திருக்கிறார்கள், மொத்தம் இருபத்திரண்டு பேர். குடிநீர்ப் பிரிவிலிருந்து உதவியாளர் தமயந்தியாகிய நான். பக்கத்து நாற்காலியில் துப்புரவு மேற்பார்வையாளர் மரியதாஸ். பயிற்றுநர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். பெயர் நிவேதன், முப்பது வயதிருக்கும், கதர் சட்டை, துணிப்பை. முதல் வேலையாக எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, அவரவர் பெயரோடு ஒரு காய்கறியைச் சேர்த்துச் சொல்லச் சொன்னார். கூச்சம் போகுமாம். நான் தக்காளி தமயந்தி. ஓய்வு பெற பத்து மாதம் இருக்கிற மனிதர் எழுந்து மரவள்ளி மரியதாஸ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

தினமும் மனதில் பட்டதை எழுத ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். அதில் "இன்று நிறையக் கற்றேன்" என்று எழுதியாயிற்று. மீதியை எழுத இது, வீட்டு நோட்டு.

வீட்டில் சம்ப் கழுவ ஆள் வந்து, கழுவாமல் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஜூன் 3, செவ்வாய்

திரையில் ஓர் ஏணி காட்டினார் நிவேதன். மக்கள் பங்கேற்பு ஏணியாம். கீழ்ப்படி, மக்களை ஏமாற்றுவது. மேல்படி, மக்கள் கையிலேயே முடிவை விடுவது. நம் நகராட்சி எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டார். மரியதாஸ் கண்ணைத் திறக்காமலே, "ஏணியை ஸ்டோர்ல வச்சுப் பூட்டிட்டோம் சார்" என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். "முன்மாதிரியைத் தேடி நீங்க வெளியூர் போக வேண்டாம்" என்று சொல்லி, நிவேதன் ஒரு கோப்பைப் பிரித்தார். போன வருடம் நான்காம் வார்டு வடக்கு ஊரணித் தெருவில் எடுத்த கருத்துக்கேட்பு. தண்ணீர் எத்தனை மணிக்கு விட்டால் வசதி என்று அறுபத்து நான்கு குடும்பங்களைக் கேட்டது. எடுத்தது நான். அதில் குருபாக்கியம் என்ற பெண் சொன்னதை அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்:

"பதினோரு மணிக்குத் தண்ணீர் வந்தால், அடுப்படி வேலை முடிந்து, மனசு ஆறி, குடத்தை நிதானமாகக் கழுவிப் பிடிப்போம். தண்ணீருக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?"

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதை எந்த அதிகாரியாலும் எழுத முடியாது. இது மக்களோட குரல்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நன்றாகத்தான் இருந்தது. முதல் வாக்கியத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்.

ஜூன் 4, புதன்

எல்லோரும் என்னை "முன்மாதிரி அக்கா" என்கிறார்கள். மரியதாஸ் மட்டும் சிரிக்கிறார். இன்று வடை ஊசிப்போயிருந்தது.

ஜூன் 5, வியாழன்

ஆணையர் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இதுவே முதல் முறை. என் கருத்துக்கேட்பு மேலிடம் வரை போயிருக்கிறதாம். என்னை மாவட்டப் பயிற்றுநர் ஆக்கப் போகிறார்களாம். கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரை அவரே எழுதி அனுப்பியிருக்கிறாராம். பன்னிரண்டு வருடமாக அந்தப் பட்டியலுக்குக் காத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். உடனே போய் அரைக் கிலோ அல்வா வாங்கி வந்துவிட்டார்.

அல்வா இறங்கவில்லை. மதியம் நிவேதன் இன்னொன்றும் அறிவித்திருந்தார். வகுப்பில் உட்கார்ந்து படித்தால் மட்டும் போதாதாம், மதிப்பீடு செய்யவும் பழக வேண்டுமாம். அதனால் வருகிற புதன்கிழமை நாங்கள் இருபத்திரண்டு பேரும் வடக்கு ஊரணித் தெருவுக்கே போய், அதே அறுபத்து நான்கு பேரையும் மறுபடி சந்தித்து, தண்ணீர் நேரம் மாறிய பிறகு அவர்கள் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்கப் போகிறோம்.

ஒன்பதாம் வார்டில் நிறைய மரம் இருக்கிறது, நிழலாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

சரி, எழுதிவிடுகிறேன். என் நோட்டு, என் பேனா, யார் கேட்கப் போகிறார்கள்.

நான் வடக்கு ஊரணித் தெருவுக்குப் போனதே இல்லை. போன வருடம் மார்ச் இருபத்தொன்பதாம் தேதி மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் மக்களிடம் கருத்துக் கேட்டு அறுபத்து நான்கு படிவங்கள் அனுப்ப வேண்டும். மார்ச் கடைசியில் குடிநீர்ப் பிரிவு இருக்கிற இருப்பில் தெருத்தெருவாய் யார் போவது? வரிப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்துப் படிவம் வரை கடமைக்கு எழுதினேன். அதற்குப் பிறகு பிடித்துப்போய்விட்டது. பள்ளியில் கட்டுரைப் போட்டியில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள் நான். ஒருத்தியைக் கோபக்காரியாக எழுதினேன், ஒருத்தியைப் பயந்தவளாக எழுதினேன், ஒருத்திக்கு மாமியார் தொல்லை வைத்தேன். மூன்று பேனா மாற்றினேன். எழுதத் தெரியாதவர்கள் கொஞ்சமாவது இருக்க வேண்டுமே என்று பத்தொன்பது படிவத்தில் கைநாட்டு வைத்தேன். விரல் என்னுடையது. ஒரே விரல் என்று தெரியக்கூடாதென்று சிலவற்றைச் சாய்த்து வைத்தேன்.

பதினோரு மணி என்பது என் யோசனை இல்லை. வால்வு திறக்கிற சுடலைமுத்து அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "யக்கா, எத்தனை மணின்னு போடப் போறீங்க? விடியக்காலம் எந்திரிச்சு எந்திரிச்சு எனக்கு மூலம் வந்துரும் போல. பதினொண்ணுன்னு போடுங்களேன், புண்ணியமாப் போகும்" என்றான். எங்கள் வீட்டில் சம்ப் இருக்கிறது. எத்தனை மணிக்கு விட்டாலும் அது பாட்டுக்கு நிறையும். எனக்கு எந்த மணியும் ஒன்றுதான்.

ஆக, அந்தத் தெருவுக்குப் பதினோரு மணி வந்தது சுடலைமுத்துவின் மூலத்தால்.

ஜூன் 8, ஞாயிறு

புதனுக்கு முன்னால் ஆட்களைக் கொஞ்சம் பழக்கி வைத்துவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

தெரு முனையில் குழாய். பக்கத்து மின்கம்பத்தில் நகராட்சியின் பிளக்ஸ் போர்டு. "மக்கள் சொன்னார்கள், நாங்கள் செய்தோம்" என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே என் வாக்கியம். அதன் கீழே "திருமதி குருபாக்கியம், வடக்கு ஊரணித் தெரு". இப்படி ஒரு போர்டு அடித்தது எனக்குத் தெரியும், மெய்ப்புப் பார்த்ததே நான்தான். கட்டிய பிறகு இன்றுதான் பார்க்கிறேன். பெயரின் மேல் யாரோ சேற்றை அப்பியிருந்தார்கள். காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது.

விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். நாற்பது வயதிருக்கும். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கார்டு விலாசம் சரிபார்க்க வந்ததாகச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேனோ, வாய் முந்திக்கொண்டது.

"தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதாம்மா?" என்றேன்.

"அத ஏன் கேக்கீங்க மேடம். ஆறு நாளைக்கு ஒருக்கதான் வரும். முன்னாடி விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்துரும். பிடிச்சு வச்சுட்டு எட்டரைக்குத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருவோம். இப்ப ஒரு வருசமா பதினோரு மணிக்கு விடுதாக. தண்ணி வார அன்னைக்கு இந்தத் தெருவுல ஒருத்தி வேலைக்குப் போக முடியாது. மாசத்துல அஞ்சு நாள் போச்சு."

"சொல்லிப் பாக்க வேண்டியதுதானே?"

"என்னத்தச் சொல்ல? நாந்தான் கேட்டு மாத்துனேன்னு போர்டே வச்சுட்டாகளே."

"நீங்க கேக்கலையா?" என்று நானே கேட்டேன். இந்த வாயை என்ன செய்வது.

"எனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? நானே தீப்பெட்டி ஆபீஸுல கட்டை அடுக்கப் போறவ. நகராட்சியிலருந்து ஒரு ஈ, காக்கா இந்தப் பக்கம் வரல. காளியம்மன் கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணேன் மேடம், நான் சொல்லலன்னு. எதுத்த வீட்டு ராமுத்தாய் என்ன சொன்னா தெரியுமா? சூடத்த யாரும் அடிக்கலாம், கவர்மெண்டு போர்ட யாரும் அடிக்க முடியாதுன்னுட்டா."

குழாயடியில் ஒரு வருடமாக அவள் குடம்தான் கடைசி. பாதி நாள் அவள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடுமாம். ராமுத்தாய் மகள் சடங்குக்குத் தெருவில் எல்லா வீட்டுக்கும் சொன்னவர்கள், இவள் வீட்டை மட்டும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு நான் மடியில போட்டுச் சோறூட்டிருக்கேன். சடங்கு வீட்டு ரேடியோ காதுல விழக்கூடாதுன்னு கதவப் பூட்டிட்டு உள்ள கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு, துணியை ஓங்கி அடித்தாள்.

ரேஷன் கார்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். வாங்கி, எதற்கோ, இரண்டு பக்கமும் பார்த்தேன். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

நான் வேண்டுமென்றா செய்தேன்? பட்டியலில் ஒரு பெயரை எடுத்தேன், அவ்வளவுதான். போர்டு வைக்கச் சொன்னது ஆணையர். மணியைச் சொன்னது சுடலைமுத்து. அவசர உத்தரவு போட்டது மேலிடம். எல்லோரையும் விட்டுவிட்டு என் ஒருத்திக்குத் தூக்கம் போவது என்ன நியாயம்.

வகுப்பில் இன்று "கேட்கும் கலை". ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர் ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். மரியதாஸ் நான் பேசும்போது குறட்டை விட்டார். நிவேதன் அவரை ஆழ்ந்து கேட்பவர் என்று பாராட்டினார்.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டுக் குழாய் இணைப்பு விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்குப் போனேன். குருபாக்கியம் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். நாளைக்கு நகராட்சியிலிருந்து வருவார்கள், ஆமாம் நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரிசையை எல்லாம் தாண்டி உங்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிடும், பிறகு யார் தயவும் வேண்டாம் என்று சொன்னேன்.

அவள் விண்ணப்பத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க ரேஷன் ஆபீஸ் இல்ல."

"இல்ல."

"அத எழுதுனது நீங்கதானா?"

தலையை ஆட்டினேன். கத்துவாள் என்று நினைத்தேன். தெரு கூடிவிடும், எப்படி ஸ்கூட்டியை எடுப்பது என்று கூட யோசித்துவிட்டேன். அவள் கத்தவில்லை.

"தெருவுல இத்தன பேருல என்னய மட்டும் எதுக்குப் போர்டுல போட்டீங்க? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

உண்மையைச் சொன்னேன். "பட்டியல்ல உங்க பேரு நல்லா இருந்துச்சு."

அதைக் கேட்டு அவள் சிரித்த மாதிரி இருந்தது, ஆனால் சிரிப்பு இல்லை. "வீட்டுக்குள்ள கொழா வந்தா என்ன சொல்லுவாக? இதுக்குத்தான் அன்னைக்கு அப்படிச் சொன்னான்னுல்ல சொல்லுவாக. எனக்குக் கொழா வேண்டாம். நாளைக்குத் தண்ணி வார நாளு, குழாயடிக்கு வாங்க. எல்லாரும் நிப்பாக. குருபாக்கியம் சொல்லலன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் பதவி உயர்வு போகும், வேலையும் போகலாம். இவரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். மிச்சமிருந்த அல்வாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

பத்தரைக்கே போய்விட்டோம். இருபத்திரண்டு பேர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டைப்பலகை. ஆணையரும் ஜீப்பில் வந்தார். தண்ணீர் நாள் என்பதால் குழாயடியில் முப்பது நாற்பது பெண்கள் குடங்களோடு நின்றார்கள். குருபாக்கியம் வரிசைக் கடைசியில், நாலடி தள்ளி நின்றாள்.

நிவேதன் கோலப்பொடியால் தரையில் தெருவின் படம் வரையச் சொன்னார். யாரும் குனியவில்லை. நாங்களே வரைந்தோம். பிறகு இரண்டு வட்டம் போட்டு, ஒன்று திருப்தி, ஒன்று அதிருப்தி, ஆளுக்கொரு புளியங்கொட்டை வையுங்கள் என்றார். ராமுத்தாய் முதலில் வந்தாள். நல்ல உயரம், நல்ல குரல். அதிருப்தி வட்டத்தில் கொட்டையை ஓங்கி வைத்துவிட்டு, "எங்கள எதுக்குக் கேக்கீங்க? மகாராணி அங்கன நிக்காளே, அவளக் கேளுங்க" என்று குருபாக்கியத்தைக் காட்டினாள். மற்றவர்களும் வரிசையாய் அதிருப்தியிலேயே வைத்தார்கள்.

நிவேதனுக்கு அந்தப் பெயர் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அவளிடம் ஓடிப் போய்க் கும்பிட்டார். கோப்பைப் பிரித்து அவள் முன்னாலேயே அந்த வாக்கியத்தை வாசித்தார். பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி "தூ" என்றாள்.

"நான் இப்படிச் சொல்லல சார்" என்றாள் குருபாக்கியம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அட்டை மாட்டிய இருபத்திரண்டு பேருக்கு நடுவில் சரியாக என்னைப் பார்த்தாள்.

நான் என் அட்டைப்பலகையைப் பார்த்தேன்.

"ஆரம்பிச்சுட்டா சத்தியத்த" என்றாள் ராமுத்தாய். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. தள்ளுமுள்ளில் ஒரு குடம் கவிழ்ந்து கோலப்பொடித் தெரு முழுக்கக் கரைந்து சாக்கடைக்குப் போனது.

மதியம் வகுப்பில் முடிவுகளை எழுதினார் நிவேதன். எல்லோரும் அதிருப்தி என்பதற்குப் பொருள், மக்களின் விருப்பம் காலத்தோடு மாறியிருக்கிறது. அதனால் வருகிற மார்ச்சில் புதிய கருத்துக்கேட்பு எடுக்கப்படும், பொறுப்பு தமயந்தி. குருபாக்கியம் மறுத்ததற்கு ஒரு பெயர் வைத்தார். பதிலளித்தவரின் நினைவுப் பிழை.

ஆணையர் வெளியே வந்து, "பயந்துட்டேன் தமயந்தி, நல்லவேளை" என்றார். அப்படியானால் அவருக்கும் தெரியும்.

தப்பித்துவிட்டேன். இவ்வளவு கேவலமாக ஒரு நாளும் என்னை நான் உணர்ந்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

ஒன்றுமில்லை. தலைவலி.

ஜூன் 13, வெள்ளி

பயிற்சி நிறைவு. சான்றிதழ், சால்வை, குழுப் படம். பயிற்சி எப்படி இருந்தது என்று கடைசியாக ஒரு மதிப்பீட்டுப் படிவம் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. கேட்டால் மரியதாஸ், "உங்களுதையும் சேத்து நானே போட்டுக் குடுத்துட்டேன் மேடம். எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்ல" என்றார்.

மேசைக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். மிகவும் திருப்தி. அதன் கீழே, "இப்பயிற்சி என் அகக்கண்களைத் திறந்துவிட்டது. இனி நான் புதிய பெண். இவண், தமயந்தி."

என் பெயருக்கு மேலே, நான் சொல்லாத ஒன்று. அகக்கண்ணாம். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைக் கிழித்து மரியதாஸ் காலடியில் போட்டேன். "எங்கிட்டக் கேக்காம எப்படி எழுதலாம்? நான் இப்படிச் சொன்னேனா?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். நிவேதன் பயந்து பின்னால் நகர்ந்தார்.

மரியதாஸ் கோபிக்கவில்லை. தாளைப் பொறுக்கினார். "ஒரு பாரத்துக்கு உங்களுக்கு இவ்வளவு வருது" என்று மட்டும் சொன்னார். பத்து மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவருக்கு இது தேவையா.

ஜூன் 15, ஞாயிறு

தோசை மாவு பொங்கி வழிந்து அலமாரியெல்லாம் ஒரே வாடை. துடைத்துக்கொண்டே இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணியை வாங்கி அவரும் ஒரு தட்டைத் துடைத்தார். பிறகு, "அறுவத்து நாலுமா நீயே எழுதுன?" என்றார். ஆமாம் என்றேன். "உன்னால முடியும்தான்" என்றார். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. போகாதே என்று மட்டும் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கருத்துக்கேட்புக் கோப்பைக் காய்கறிப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோப்பை வெளியே கொண்டுபோவது தனிக் குற்றம். எத்தனை குற்றம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

குழாயடியில் எல்லோரும் நின்றார்கள். குருபாக்கியம் அதே கடைசியில். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நேராகப் போய், "அந்தப் போர்டுல இருக்கறதை எழுதுனது நான். குருபாக்கியம் சொல்லல. எழுதுறப்ப நான் அவங்களப் பாத்தது கூடக் கிடையாது" என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை.

"இவ கூட்டியாந்த ஆளா நீங்க?" என்றாள் ராமுத்தாய். "போன வாரம் பெரிய ஆபீசர் வந்தப்ப நீங்களும்தான் நின்னீங்க, அன்னைக்கு வாயில என்ன இருந்துச்சு?"

நல்ல கேள்வி. பையிலிருந்து கோப்பை எடுத்துப் பிரித்து ஒவ்வொரு படிவமாக வாசிக்க ஆரம்பித்தேன். மாடத்தி, வயது முப்பத்தைந்து, பதினோரு மணி என்றால் மாமியாருக்குத் தொந்தரவில்லை. மாடத்தி கூட்டத்திலிருந்து, "எனக்கு ஏது மாமியா? நான் கட்டிட்டு வரும்போதே அந்தம்மா இல்ல" என்றாள். செல்லக்கனி, பதினோரு மணி நேரம் மிக உகந்தது. "உகந்ததுன்னா என்ன?" என்றாள் செல்லக்கனி. சண்முகத்தாய், மிகவும் திருப்தி. ஒரு பெண் மெதுவாக, "அந்தச் சித்தி செத்து மூணு வருசமாச்சே" என்றாள். யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். நான் அழகாய் எழுதிய ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள்.

ராமுத்தாய் சிரிக்கவில்லை. "எனக்கு என்ன எழுதிருக்க?" என்றாள்.

இருபத்தேழாவது படிவம். மிகவும் திருப்தி, பதினோரு மணி. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு. தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். முகமே மாறிவிட்டது.

"நான் எட்டாப்பு படிச்சவ! பேங்குல, ரேஷன் கடையில, எங்க போனாலும் கையெழுத்துத்தான் போடுவேன். என்னயக் கைநாட்டாக்கி வச்சிருக்கியே, இது எவ வெரலு?"

இடது கைப் பெருவிரலை நீட்டினேன். மாடத்தி ஓடிப் போய்க் கண்மை டப்பாவைக் கொண்டுவந்தாள். விரலில் தடவி, படிவத்தின் ஓரத்திலேயே வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அரிவாள்மணை வெட்டிய தழும்பு என் விரலில் குறுக்காக ஓடும். அதே கோடு ராமுத்தாயின் கைநாட்டிலும் இருந்தது. மற்ற பதினெட்டிலும் இருந்தது. ஆளாளுக்குத் தாளை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள்.

ராமுத்தாய் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வரிசைக் கடைசிக்குப் போனாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. குருபாக்கியத்தின் குடத்தைத் தூக்கிவந்து குழாய்க்கு நேர் கீழே, தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள். குருபாக்கியம் நின்ற இடத்திலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை, அது சரிதான்.

தண்ணீர் பிடித்து முடிந்ததும் என்னை விடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. படிவங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துக் கொடுத்தாள் ராமுத்தாய்.

"நீதான் நல்லா எழுதுவியே. கலெக்டருக்கு ஒரு மனு எழுது. ஆனா நாங்க சொல்றத மட்டும் எழுதணும்."

குழாய்த் திண்டில் உட்கார்ந்து எழுதினேன். அவர்கள் சுற்றி நின்று சொன்னார்கள். எங்களுக்கு விடிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வேண்டும். பதினோரு மணி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. போர்டை எடுக்க வேண்டும். பாரமெல்லாம் எங்களிடம்தான் இருக்கிறது, கேட்டால் காட்டுவோம். அவ்வளவும் எழுதினேன். கடைசியில், படிவத்தை யார் எழுதியது என்பதைக் குருபாக்கியம் சொன்னாள், நான் என் பேர், பதவி, பிரிவு எல்லாம் போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். எல்லோரும் சொல்லி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசித்தேன்.

"...மேற்படி படிவங்களைக் குடிநீர்ப் பிரிவு உதவியாளர் தமயந்தி அவர்கள் கவனக்குறைவாக எழுதிவிட்டார்."

முதல் கையெழுத்துக்காகப் பேனாவை வாங்கிய குருபாக்கியம் நிறுத்தினாள்.

"நான் அப்படிச் சொல்லலையே மேடம். பொய்யா எழுதுனாகன்னுல்ல சொன்னேன்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். கவனக்குறைவாக என்பதை அடித்துவிட்டு, பொய்யாக என்று எழுதினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.